முதுகு காட்டும் நந்தி: திருவலத்துக் கஞ்சன் கதையின் பின்னணி

எந்தச் சிவன் கோயிலுக்குள் நுழைந்தாலும் நந்தியின் பின்புறம்தான் முதலில் கண்ணில் படும். அது சாமியைப் பார்த்தபடி படுத்திருக்கும். நாம் அதன் கொம்புகளுக்கு நடுவே சாமியைப் பார்த்துக் கும்பிடுவோம். காட்பாடிக்குக் கிழக்கே, பொன்னை ஆற்றங்கரையில் இருக்கும் திருவலம் வில்வநாதீஸ்வரர் கோயிலில் இது தலைகீழ். இங்கே நந்தி சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது. முதல் முறை வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், குருக்கள் முதல் வாசலில் பூ விற்கும் அம்மா வரை எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: கஞ்சன்.

கிருஷ்ணனின் மாமனான கஞ்சன் இல்லை, இவன் வேறு. தலபுராணம் சொல்லும் கதை சுருக்கமானது. திருவலத்துச் சாமிக்கு அபிஷேகத் தண்ணீர் பக்கத்திலுள்ள கஞ்சனகிரி மலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கோயில் அர்ச்சகர் தினமும் மலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார். அந்த மலையில் இருந்த கஞ்சன் என்ற அசுரன் அவரைத் தண்ணீர் எடுக்க விடாமல் தொல்லை கொடுத்தான். அவனும் சிவனிடம் வரம் வாங்கியவன்தான். அர்ச்சகர் சாமியிடம் வந்து முறையிட்டார். சாமி நந்தியை அனுப்பினார். நந்தி போய்க் கஞ்சனைக் கொம்பால் குத்திக் கிழித்துப் பல துண்டுகளாக எறிந்தது. அவன் மறுபடியும் வந்துவிடக் கூடாது என்று அன்றிலிருந்து வாசலையே பார்த்துக் காவல் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நந்தி திரும்பியிருப்பதற்குச் சொன்ன ஒரு காரணக் கதையாக இது நின்றிருக்கும். ஆனால் துண்டுகள் எங்கெங்கே விழுந்தன என்பதில்தான் கதை சூடு பிடிக்கிறது. தலை, அதாவது சிரசு விழுந்த இடம் சீகராஜபுரம். நெற்றி, அதாவது லலாடம் விழுந்த இடம் லாலாப்பேட்டை. மார்பு விழுந்தது மாவேரி. மணிக்கட்டு விழுந்தது மணியம்பட்டு. வலது கால் வடகால், இடது கால் தென்கால். சொல்கிற ஆளைப் பொறுத்து இன்னும் ஓரிரு ஊர்கள் பட்டியலில் சேரும், ஓரிரண்டு விடுபடும். ஆனால் இவையெல்லாம் கற்பனை ஊர்கள் இல்லை. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் டவுன் பஸ்ஸில் போனால் போர்டில் படிக்கக் கூடிய பெயர்கள்.

இந்தக் கதையை அரக்கனைக் கொன்ற கதையாக மட்டும் படித்தால் பாதிதான் பிடிபடும். என் கணிப்பில் இது தண்ணீரைப் பற்றிய கதை. அந்தத் தண்ணீரைச் சுற்றியிருக்கும் ஊர்களை ஒரு கோயிலோடு கட்டிப்போட்ட கதை.

ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். கோயில் இருப்பது ஆற்றங்கரையில். அப்படியிருக்க அபிஷேகத் தண்ணீருக்கு எதற்கு மலைக்குப் போக வேண்டும்? தலபுராணத்துக்கே இந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது; பதிலும் வைத்திருக்கிறது. கஞ்சனை அழித்த பிறகு, இனி அர்ச்சகர் மலைக்கு அலைய வேண்டாம் என்று சாமி ஆற்றைப் பார்த்து ‘நீ வா’ என்று கூப்பிட்டாராம். ஆறு வந்தது, அதனால் பொன்னைக்கு நீவா நதி என்றும் பெயர். இந்தப் பெயர் ஆற்றின் மேல்பகுதியில், சித்தூர்ப் பக்கமும் வழங்குகிறது என்பதால் பெயர்க் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கதை சொல்கிறவர்களின் கவலை என்ன என்பது இதில் தெரிந்துவிடுகிறது. கஞ்சன் செத்ததும் கதைக்குத் தேவைப்படுவது தண்ணீருக்கு ஒரு மாற்று ஏற்பாடு.

வட ஆர்க்காட்டு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆறுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாலாறும் சரி, அதில் வந்து சேரும் பொன்னையும் சரி, வருஷத்தில் பெரும்பாலான மாதம் மணல்தான். ஆந்திரா பக்கம் நல்ல மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். மீதி நாளெல்லாம் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் மலைச் சுனைக்கு இருக்கும் மதிப்பே வேறு. ஆறு வற்றினாலும் சுனையில் தண்ணீர் கிடக்கும். அந்தச் சுனைக்குப் போகும் வழியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் கீழே இருக்கும் கோயிலின் அபிஷேகமும். மலையில் இருப்பவன் மறிக்கிறான், சமவெளியில் இருப்பவர் முறையிடுகிறார் என்ற அமைப்பை அரக்கன், அர்ச்சகர் என்ற பெயர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால், எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் கேட்கக் கூடிய வழக்கு அது.

ஊர்ப் பெயர்களும் இதையே காட்டிக்கொடுக்கின்றன. உடம்பில் இருப்பதும் கால்தான், வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவதும் கால்தான். வடகால், தென்கால் என்று இரண்டு ஊர்கள் இருந்தால், வடக்கு வாய்க்கால், தெற்கு வாய்க்கால் என்றுதான் ஒரு விவசாயிக்கு முதலில் தோன்றும். மாவேரியில் ஏரி ஒளிந்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. லாலாப்பேட்டைக்கு நவாப் காலத்துப் பேட்டை வாடை அடிக்கிறது. பக்கத்திலேயே ராணிப்பேட்டையும் வாலாஜாபேட்டையும் இருக்கின்றன. அந்தப் பெயர் வந்த பிறகு லலாடம் என்ற விளக்கம் அதில் ஒட்டப்பட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலைக்கே காஞ்சனகிரி என்றும் ஒரு வழக்கு உண்டு. காஞ்சனம் என்றால் பொன், ஆறு பொன்னை. அரக்கன் பெயரால் மலையா, மலையின் பெயரால் அரக்கனா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

இதையெல்லாம் சொல்வது கதையைப் பொய் என்று நிரூபிக்க இல்லை. வாய்க்கால் பெயரைக் காலாக்கி, பேட்டையை நெற்றியாக்கி, சிதறிக் கிடந்த ஊர்களை ஒரே உடம்பின் உறுப்புகளாக்கியிருக்கிறார்களே, அந்த வேலையைப் பாருங்கள் என்பதற்காகத்தான். மணியம்பட்டுக்காரருக்கும் சீகராஜபுரத்துக்காரருக்கும் திருவலத்துச் சாமியோடு ஒரு சம்பந்தம் வேண்டும். கோயில் அவர்கள் ஊரில் இல்லை. அரக்கனின் மணிக்கட்டாவது இருக்கட்டுமே. இப்படி ஒரு பங்கு கிடைத்துவிட்டால் திருவிழாவில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

திருவிழா உண்மையிலேயே இருக்கிறது. தைப் பொங்கலை ஒட்டித் திருவலத்துச் சாமி கஞ்சனகிரிக்கு எழுந்தருளிக் கஞ்சனுக்குக் காட்சி கொடுப்பதாக ஐதீகம். மலையில் கஞ்சனின் ரத்தம் தெறித்த இடமெல்லாம் லிங்கம் முளைத்தது என்பார்கள். அங்கே திறந்த வெளியில் லிங்கங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சுற்றுவட்டார ஜனம் குடும்பத்தோடு, கட்டுச்சோறு சகிதம் ஏறும். ஒரு பக்கம் சாமி அவனுக்கு முக்தி கொடுத்துவிட்டார், வருஷா வருஷம் தேடிப்போய் தரிசனமும் தருகிறார். இன்னொரு பக்கம் நந்தி அவன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? பொருந்தத் தேவையில்லை என்று கோயில் எப்போதோ முடிவு செய்துவிட்டது. 2019 இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. கோயிலும் நந்தியும் வேலூர் மாவட்டத்தில், மலையும் அரக்கனின் தலையும் ராணிப்பேட்டை மாவட்டத்தில்.

செத்த அசுரனின் உடம்பே தலம் ஆவது திருவலத்துக்கு மட்டும் உரிய கற்பனை இல்லை. இதில் பெரிய அண்ணன் கயாசுரன். நம் ஊர்களிலிருந்து காசிக்குப் போகிறவர்கள் அப்படியே கயாவுக்கும் போய்ச் சிராத்தம் கொடுத்துவிட்டு, பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வருவார்கள். அந்தக் கயா ஓர் அசுரனின் பெயர் என்பது போய்வந்த பலருக்கே தெரியாது. வாயு புராணத்தோடு சேர்ந்து வரும் கயா மாகாத்மியம் அவன் கதையை விரிவாகச் சொல்கிறது.

கயாசுரன் யாரையும் துன்புறுத்தவில்லை. செய்த தப்பு என்றால், அளவுக்கு மீறித் தவம் செய்தது. அவன் உடம்பு அத்தனை புனிதமாகிவிட்டது. தொட்டவர்களெல்லாம் நேரே வைகுண்டம் போனார்கள். யமலோகம் காலி. வேலை இல்லாமல் போன யமனும் தேவர்களும் முறையிட, பிரம்மா அசுரனிடமே போய், யாகம் செய்ய உன் உடம்பைக் கொடு என்று கேட்டார். கயன் மறுக்கவில்லை, படுத்துவிட்டான். மேலே யாகம் நடக்கும்போது உடம்பு ஆடியது. தலைமேல் ஒரு பெரிய பாறையை வைத்தார்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் விஷ்ணு வந்து கால் வைத்து அழுத்திய பிறகுதான் அடங்கியது. அப்போதும் அவன் கேட்ட வரம் தனக்காக இல்லை: இந்த இடம் என் பெயரால் விளங்க வேண்டும், இங்கே பிண்டம் வாங்கியவர்கள் கரையேற வேண்டும். இன்றைக்கு விஷ்ணுபாதக் கோயிலில் பாறையில் பதிந்த அந்தக் கால்தடத்தைத்தான் கும்பிடுகிறார்கள். இப்போது நிற்கும் கோயில் 1787 இல் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது.

இந்த உடம்பும் பல ஊர்களில் கிடக்கிறது. தலை பீகாரின் கயாவில், நாபி ஒடிசாவின் ஜாஜ்பூரில், பாதம் ஆந்திராவின் பிட்டாபுரத்தில். பிட்டாபுரத்துக்குப் பாதகயா என்றே பெயர். கயாசுரன் மூன்று மாநிலத்துக்கு நீண்டு படுத்திருக்கிறான், நம் கஞ்சன் இரண்டு தாலுகாவுக்குள் அடங்கிவிடுகிறான் என்பது அளவில் உள்ள வித்தியாசம். குணத்தில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கயனின் உடம்பு தானே விரும்பிக் கொடுத்தது. கஞ்சனுடையது கிழித்து எறியப்பட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான். அசுரன் போய்விடுவதில்லை. அவன் மேலேதான் தலம் நிற்கிறது. இன்னும் கிட்டே வேண்டுமானால் வாஸ்து புருஷனை எடுத்துக்கொள்ளலாம். புது வீட்டுக்கு மனைப் பூஜை போடும்போது நாம் கும்பிடுவது, தேவர்கள் சேர்ந்து தரையோடு அமுக்கிப் பிடித்த ஒரு பூதத்தைத்தான்.

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு வேறு உதாரணங்கள் உண்டு. 1989 வரை அந்த மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையில் மகிஷாசுரன் கதை ஒரு விசித்திரமான திருப்பத்தோடு வழங்குகிறது. அம்பாள் தவம் செய்யும்போது மகிஷன் வந்து வம்பிழுக்க, துர்க்கை அவனை வெட்டுகிறாள். அதுவரை எல்லா ஊரிலும் சொல்வதுதான். வெட்டிய கழுத்துக்குள்ளே ஒரு லிங்கம் இருக்கிறது. எடுத்தவளின் கையிலேயே அது ஒட்டிக்கொள்கிறது. அசுரனும் சிவபக்தன் என்பது கொன்ற பிறகுதான் தெரிகிறது. அந்தப் பாவம் தீர வாளால் பாறையைப் பிளந்து உண்டாக்கியது கட்க தீர்த்தம். துர்க்கையம்மன் கோயிலில் அதை இன்றும் காட்டுவார்கள். எருமைத்தலையன் எப்படிச் செத்தான் என்று சொல்ல வந்த கதை, கொன்றவளுக்கே பரிகாரம் சொல்லி முடிகிறது. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோளிங்கரில் காலகேயர் என்ற அசுரர்கள் வருகிறார்கள். அவர்களை அடக்க சங்கு சக்கரம் வாங்கிய அனுமன், சின்ன மலையில் நான்கு கையோடு யோக ஆஞ்சநேயராக உட்கார்ந்திருக்கிறார். அசுரர்களுக்கு அங்கே அதற்கு மேல் வேலை இல்லை.

தலபுராணத்தை விட்டுக் கிராமத்துப் பக்கம் வந்தால், தரையில் கிடக்கும் பெரிய உடம்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடிகிற அன்று படுகளம். திடலில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கும் மேலே இருக்கும். நெஞ்சின் மேல் ஆள் ஏறி நடக்கலாம். முறுக்கிய மீசை, பெரிய விழி, கையில் கதை எல்லாம் வண்ணம் பூசி இருக்கும். ராத்திரி முழுக்கக் கூத்து ஆடிய வேஷக்காரர்கள், வேர்வையில் அரிதாரம் கரைந்த முகத்தோடு விடிந்ததும் அங்கே வந்து பீமனும் துரியோதனனுமாக மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தொடையில் அடி விழும், உள்ளே வைத்திருக்கும் சிவப்பு வெளியே வரும், அம்மன் கூந்தல் முடிவாள். காந்தாரி வேஷம் துடைப்பமும் முறமுமாக வந்து ஒப்பாரி வைக்கும். சுற்றி நிற்கும் பெண்கள், கொல்லப்பட்டவன் கெட்டவன் என்று தெரிந்தே, கூடச் சேர்ந்து அழுவார்கள். அப்புறம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள், வீட்டுக்கு நல்லது என்று. துரியோதனன் அசுரன் இல்லைதான். ஆனால் விழுந்தவனின் உடம்பு மண்ணுக்குச் சத்து என்ற நம்பிக்கை இங்கே எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சீகராஜபுரத்துக்காரருக்குத் தம் ஊரில் அரக்கன் தலை விழுந்தது என்று சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லாததும் இதனால்தான்.

சரி, கஞ்சன் என்பவன் யாரையாவது மனதில் வைத்துச் சொல்லப்பட்டவனா?

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்த ஊரைப் பாடியிருக்கிறார். ‘எரித்தவன் முப்புரம்’ என்று தொடங்கும் பதிகம். முதல் அடியிலேயே முப்புர அசுரர்கள் எரிகிறார்கள்; அவர் வழக்கப்படி எட்டாவது பாட்டில் மலையை எடுக்கப் போன இராவணன் நசுங்குகிறான். கஞ்சனைத்தான் காணோம். நம் தலபுராணங்களில் பெரும்பாலானவை எழுத்தானது தேவாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து என்பதால், கஞ்சன் பின்னால் வந்து சேர்ந்தவனாக இருக்கலாம். ஊர் வாயில் முன்பே இருந்தும் பதிகத்துக்குள் நுழையாதவனாகவும் இருக்கலாம்.

பதிகத்தை விடச் சுவாரசியமானவை இந்தக் கோயிலின் கல்வெட்டுகள். திருவல்லம் (திருவலத்தின் பழைய பெயர்) பக்கம்தான் வாணர்களின் தலைநகரமான வாணபுரம். பல்லவர்களுக்கு அடங்கி, வடுகவழி என்ற தெலுங்கு நாட்டுப் பழைய பாதைக்கு மேற்கே இருந்த நாட்டை ஆண்ட குறுநில மன்னர்கள் இவர்கள். தங்களை மாவலி வாணராயர் என்று சொல்லிக்கொண்டார்கள். வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்த மகாபலியும், அவன் மகன் பாணாசுரனும் தங்கள் முன்னோர் என்பது அவர்களின் பெருமை. சூரிய குலம், சந்திர குலம் என்று மற்ற அரசர்கள் பீற்றிக்கொண்ட காலத்தில் இவர்கள் அசுர குலம் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். கல்வெட்டில் அரசர் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தியும் எடுப்பானது: மூவுலகும் வணங்கும் பரமேசுவரனையே வாயில் காப்போன் ஆக்கிக்கொண்ட மாவலியின் குலத்தில் பிறந்தவர்கள் தாங்கள் என்கிறது அது. புராணப்படி மாவலியின் வாசலில் காவல் நின்றவர் விஷ்ணு. சிவன் காத்தது பாணாசுரனின் சோணிதபுரத்தை. வாணர்கள் இரண்டையும் கலந்து தங்களுக்கு வேண்டியபடி செய்துகொண்டார்கள் போலிருக்கிறது.

சிவன் அசுரனுக்கு வாசல் காத்தார் என்று சுவரில் எழுதியிருக்கும் அதே கோயிலில், அசுரன் வராமல் இருக்க நந்தி வாசல் காக்கிறது என்று கதை சொல்கிறார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காஞ்சியைச் சுற்றிய தொண்டை நாட்டில் இன்னொரு கோயிலிலும் நந்தி இப்படி வெளியே பார்த்து இருக்கிறது: சென்னைக்குப் பக்கத்துத் திருமுல்லைவாயில். அங்கே காரணம், ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களோடு போரிட்ட தொண்டை நாட்டு மன்னன் தொண்டைமானுக்கு உதவியாக நந்தி கிளம்பியது. அங்கேயும் ஒரு வாணன். காஞ்சிபுரத்தில் சுந்தரர் பாடிய ஓணகாந்தன்தளியோ, வாணாசுரனின் (பாணாசுரன்தான்) படைத்தலைவர்களான ஓணனும் காந்தனும் பூசித்த இடம் என்று சொல்லப்படுகிறது. அசுரன் என்ற பெயரில் ஒரு பழைய ஆட்சியின் நினைவு இந்த நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சில இடத்தில் பகைவனாக, சில இடத்தில் பக்தனாக.

ஆகவே கஞ்சன்தான் வாணன் என்று சொல்லிவிடலாமா? முடியாது. பெயர் ஒத்துவரவில்லை, கல்வெட்டும் கை கொடுக்கவில்லை. வாணர்களே இந்தக் கோயிலுக்கு நிவந்தம், அதாவது அறக்கொடை கொடுத்தவர்கள். தங்கள் குலத்தைக் கிழித்த நந்திக்கு அவர்கள் விளக்கு ஏற்றியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஆட்சி போன பிறகு, மலைப்பக்கத்து அதிகாரம் ஒன்று சமவெளிக் கோயிலுக்கு அடங்கிய கதையில் அவர்களின் சாயல் விழுந்திருக்கலாம் என்பது வரைதான் நான் போவேன்.

அவர்கள் ஆட்சி போன விதம் தெரிந்ததுதான். முதலாம் பராந்தக சோழன் (907–955) இரண்டு வாண அரசர்களை வேரோடு பிடுங்கி, அவர்கள் பட்டத்தைத் தன் நண்பனான கங்க மன்னன் இரண்டாம் பிருதிவிபதிக்குக் கொடுத்தான். வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடு இதைச் சொல்கிறது. ஆனால் வாணர் பெயர் அதோடு அழியவில்லை. 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் சேலம் பக்கத்து ஆறகழூரில் வாணகோவரையர்கள் மறுபடியும் தலையெடுக்கிறார்கள், மாவலி வழி என்ற பெருமையை விடாமல்.